ஏஎச்யூ ஃபில்டரை உயர்தரத்துக்கு மாற்றியும் அலுவலகத்தில் வாடை போகவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

பராமரிப்புப் பொறுப்பாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தை நான் பராமரித்து வருகிறேன். தளத்தின் பரப்பு 600 சதுர மீட்டர். நாள்தோறும் 80 பேர் வேலை செய்கிறார்கள். 6,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 6,000 கன அடி காற்று) திறனுள்ள ஒரே ஏஎச்யூதான், அதாவது காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அனுப்பும் ஒரே இயந்திரம்தான், தளம் முழுவதற்கும் குளிர்காற்றைத் தருகிறது. அது ஒரு தனி அறையில் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து திரும்பும் காற்று ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலாக வந்து அந்த அறைக்குள் இறங்கி, ஃபில்டர்களைக் கடந்து, காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்குப் போகிறது.

எங்களுக்கு இருப்பது ஒரே வாடை அன்று. திங்கட்கிழமை காலையில் சாக்கடை வாடை வருகிறது. நண்பகலுக்குள் அது தானாகவே குறைந்துவிடுகிறது. எல்லா நாளும் ஏஎச்யூவை ஓடவிட்ட முதல் அரை மணி நேரம், காயாமல் மடித்து வைத்த ஈரத்துணியின் நாற்றம் அடிக்கிறது. மதியம் ஒரு மணிக்கு மூலையிலுள்ள உணவறையில் மீன் வறுத்தால், மாலை நான்கு மணி வரை அந்த வாடை எல்லா மேசைகளிலும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கால்வாய் நாற்றம் உள்ளே வருகிறது என்று எல்லோரும் முறையிட்டதால், வெளிக்காற்றை உள்ளே விடும் தடுப்பான ஃபிரெஷ் ஏர் டாம்பரை முழுவதுமாக மூடிவிட்டோம். அந்த நாற்றம் நின்றது. மற்றவை அதற்குப் பிறகு கூடியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

மூன்று மாதங்களுக்கு முன்பு, ஒரு விற்பனையாளர் சொன்னதை நம்பி, ஜி4, எஃப்7 என்று இருந்த ஃபில்டர் வரிசையில் எஃப்7-ஐ எடுத்துவிட்டு, அதைவிட உயர்ந்த தரமான எஃப்9 போட்டோம். அதோடு 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கறுப்புக் கார்பன் பேடு ஒன்றையும் சேர்த்தோம். முதல் பத்து நாட்கள் நன்றாக இருந்தது. பிறகு பழைய நிலைதான். அவரைக் கேட்டால், மானோமீட்டரில் அழுத்த வேறுபாடு ஏறவில்லை, ஆகவே கார்பன் நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாவற்றிலும் நுண்மையான ஃபில்டராகிய ஹெப்பா போட்டால் சரியாகிவிடும் என்கிறார்.

ஹெப்பா வாடையைப் பிடிக்குமா? கார்பனின் ஆயுள் தீர்ந்துவிட்டதை எப்படி அறிவது? கருவுற்றிருக்கும் சக ஊழியர் ஒருவர் மதிய உணவுக்குப் பிறகு தம் இருக்கையில் உட்கார முடியாமல் படிக்கட்டில் போய் நிற்பதைப் பார்க்கும்போது, இதை என் பொறுப்பாகவே உணர்கிறேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

காற்றோட்டம்

ஐயா, ஹெப்பா வாங்க வேண்டாம். ஜி4 முதல் ஹெப்பா வரை எல்லாமே காற்றில் மிதக்கும் துகளைப் பிடிக்கும் இழைப் படலங்கள். தரம் ஏற ஏற, பிடிபடும் துகள் நுண்மையாகும், அவ்வளவுதான். எச்13 தர ஹெப்பா, பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.1 முதல் 0.3 மைக்ரான் வரையிலான துகள்களில்கூட 99.95 விழுக்காட்டை நிறுத்திவிடும். சாக்கடை நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறோ 0.001 மைக்ரானிலும் சிறியது. சிறியது என்பதைவிட, அது வாயு என்பதே முக்கியம்: நுண்துகள் இழையில் மோதினால் ஒட்டிக்கொள்ளும், வாயு மூலக்கூறு மோதினாலும் நிற்காமல் காற்றோடு போய்விடும். புதிய ஹெப்பாவுக்கே 250 பாஸ்கல் அளவுக்கு எதிர்ப்பு இருப்பதால், அதற்கென வடிவமைக்கப்படாத உங்கள் ப்ளோயரில் அதை மாட்டினால் காற்றின் அளவு குறைந்து, வாடையும் போகாமல், குளிர்ச்சியும் போதாமல் அவதிப்படுவீர்கள்.

மீன் வறுக்கும் வாடையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதில் ஆவியும் இருக்கும், எண்ணெய்த் துளிகளும் இருக்கும். உங்கள் எஃப்9 அந்தத் துளிகளைப் பிடித்துவிடுகிறது. ஆனால் பிடிபட்ட எண்ணெய் அங்கேயே இருந்துகொண்டு, தன்னைக் கடந்து போகும் காற்றில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரம் ஆன பிறகும் வாடை நீடிப்பதில் அந்த ஃபில்டருக்கே ஒரு பங்கு இருக்கும். அதைக் கழற்றி, வெளியில் எடுத்துச் சென்று, முகர்ந்து பாருங்கள்.

மானோமீட்டர் பற்றிச் சொன்னது முழுத் தவறு. துகள் ஃபில்டரில் தூசி அடைத்தால் அழுத்த வேறுபாடு ஏறும். கார்பனோ தன் நுண்துளைகள் அனைத்தும் நிரம்பி, இனி ஒரு மூலக்கூறுக்கும் இடமில்லை என்ற நிலையிலும், முதல் நாள் விட்ட அதே எளிமையோடு காற்றை விட்டுக்கொண்டிருக்கும். முள் அசையவில்லை என்பதற்குத் தூசி சேரவில்லை என்பது மட்டுமே பொருள்.

அடுத்து அந்த 12 மில்லிமீட்டர் பேடு. 6,000 சிஎஃப்எம் என்பது நொடிக்கு 2.8 கன மீட்டர். உங்கள் ஃபில்டர் முகப்பு 1.1 சதுர மீட்டர் அளவில் இருக்கும் என்று கொண்டால், காற்று நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்தப் பேட்டுக்குள் அது தங்கும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. இழைத்துணியில் தூவிய கரித்தூள் அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ இருக்கலாம். வாடையை மெய்யாகவே குறைக்க, காற்று கரிக்குள் நொடியில் பத்தில் ஒரு பங்காவது தங்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் நாங்கள் வடிவமைப்போம். உங்கள் முழுக் காற்றுக்கும் அப்படிச் செய்ய, வி வடிவத்தில் அடுக்கிய தட்டுகளில் ஏறத்தாழ 140 கிலோ குருணைக்கரி தேவைப்படும். அரை கிலோவுக்கும் 140 கிலோவுக்கும் இடையிலுள்ள தூரம்தான் உங்களுக்குக் கிடைத்த அந்தப் பத்து நாட்களின் காரணம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்: நீங்கள் மூடிவைத்திருக்கும் டாம்பர். ஓர் அறைக்கு எவ்வளவு வெளிக்காற்று வேண்டும் என்ற கணக்கே மனித உடல்வாடையிலிருந்து பிறந்தது. 1936-இல் ஹார்வர்டில் யாக்லோவும் அவருடன் இருந்தவர்களும், ஓர் அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, வேறு சிலரை உள்ளே வந்து முகர்ந்து மதிப்பிடச் சொல்லி அந்தக் கணக்கை வகுத்தார்கள். அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் இன்றைய 62.1 தரநிலை, அலுவலகத்துக்கு ஓர் ஆளுக்கு நொடிக்கு 2.5 லிட்டரும், தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டரும் கேட்கிறது. உங்கள் 80 பேருக்கும் 600 சதுர மீட்டருக்கும் அது நொடிக்கு 380 லிட்டர், அதாவது சுமார் 800 சிஎஃப்எம். நீங்கள் கொடுப்பது சுழியம்.

அதோடு முடியவில்லை. கழிப்பறை எக்ஸாஸ்ட் விசிறிகள் ஓடுகின்றனவா? உணவறை எக்ஸாஸ்ட் ஓடுகிறதா? அவை காற்றை வெளியே தள்ளினால், தள்ளிய அளவு எங்கிருந்தாவது உள்ளே வந்தே தீரும். முறையான வாசலை மூடிவிட்டால், கதவிடுக்கு, சுவர்த்துளை, வற்றிப்போன தரைக்குழாய் என்று கிடைத்த வழியில் கட்டடம் மூச்சிழுக்கும். உங்கள் திங்கட்கிழமை சாக்கடை வாடைக்கு விடை இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டாம்பரைத் திறந்தால் கால்வாய் நாற்றம் வருமே என்பீர்கள். வாயு ஃபில்டருக்கு உரிய இடம் அங்கேதான். 6,000 சிஎஃப்எம் முழுவதையும் கரிக்குள் விடுவதற்குப் பதிலாக, வெளியிலிருந்து வரும் 800 சிஎஃப்எம்மை மட்டும் தனிப் பெட்டியில் வடிகட்டி உள்ளே விட்டால், 140 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 20 கிலோவுக்குள் வேலை முடியும். எந்தக் கரி, எந்த வேதிமருந்து ஏற்றியது என்பதை அந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் நல்லது.

தொட்டிக்கரி

காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். மேலே உள்ளவர் கேட்டதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியை 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீராவியால் அரிக்கவிட்டால், அதற்குள் 2 நானோமீட்டரிலும் குறுகிய துளைகள் கோடிக்கணக்கில் திறக்கின்றன. ஒரு கிராம் கரிக்குள் இப்படித் திறக்கும் பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் கால் ஏக்கர், 25 சென்ட் நிலம். வாடை மூலக்கூறு இந்தத் துளைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்போம். பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போன்றதன்று. சுவர்மேல் பல்லி ஒட்டியிருப்பதைப் போன்றது. ஒட்டியது விடுபடவும் கூடும் என்பதால்தான் இந்த உவமையைச் சொல்கிறேன்.

எது நன்றாக ஒட்டும், எது ஒட்டாது என்பதை ஓரளவு கொதிநிலையைக் கொண்டே சொல்லிவிடலாம். பெயின்ட் கரைப்பானில் உள்ள டொலுயீன் 111 டிகிரியில் கொதிப்பது. சாதாரணக் கரி அதை விடாமல் பிடிக்கும். எண்ணெய் காய்ந்த வாடையைத் தரும் கனமான ஆல்டிஹைடுகளும் அப்படியே. ஃபார்மால்டிஹைடு சுழியத்துக்குக் கீழே 19 டிகிரியிலும், அம்மோனியா 33 டிகிரியிலும், ஹைட்ரஜன் சல்பைடு 60 டிகிரியிலும் கொதிப்பவை. இவை அறை வெப்பத்தில் கரிமேல் நெடுநேரம் உட்கார விரும்பாதவை. ஆகவே, கார்பன் போட்டிருக்கிறோம், கால்வாய் வாடை போய்விடும் என்று யாராவது சொன்னால், அது வெறுங்கரியா, மருந்தேற்றிய கரியா என்று முதலில் கேளுங்கள்.

இவற்றுக்கு வேதிவினையால் பிடிக்கும் சரக்கு வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் ஏற்றிய கரியோ, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா உருண்டைகளோ பொருந்தும். அம்மோனியாவுக்கும், மீன் வாடைக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனுக்கும் பாஸ்பாரிக் அமிலம் ஏற்றிய கரி பொருந்தும். அமிலம் ஏற்றியதும் காரம் ஏற்றியதும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. உங்கள் நிலையில், வெளிக்காற்றுப் பெட்டிக்குப் பெர்மாங்கனேட் உருண்டைகளையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் சென்னைக் காற்றின் ஈரம் வெறுங்கரிக்குப் பகை. காற்றின் ஈரப்பதம் 60, 70 விழுக்காட்டைத் தாண்டும்போது துளைகளில் நீரே குடியேறிவிடும், வாடைக்கு இடமிருக்காது. பெர்மாங்கனேட்டின் வினைக்கோ ஓரளவு ஈரம் தேவைப்படவே செய்கிறது.

பேடு பத்து நாட்களுக்குப் பிறகு என்ன செய்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரம்பிய கரி சும்மா இருப்பதில்லை. வலுவாக ஒட்டும் ஓர் ஆவி புதிதாக வந்தால், முன்பே மெலிதாக ஒட்டியிருந்ததைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். தள்ளப்பட்டது காற்றில் கலக்கும். இரவில் குளிர் நின்று அறை சூடேறினாலும் இதேதான் நடக்கும். தீர்ந்துபோன பேட்டை மாட்டி வைத்திருப்பது, நேற்றைய வாடையைச் சேமித்து இன்று விநியோகிப்பதற்குச் சமம், அதைக் கழற்றிவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் புதிதாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மெலிதாக ஒட்டியவை சிறிது வெளியேறும். மற்றவற்றை வெளியேற்ற, நாங்கள் உலையில் மறுபடியும் 800 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

தட்டுகளில் குருணையாக நிரப்பும் கரி என்றால், ஆயுளை அறிய வழி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி எடுத்துக் காற்றுப் புகாத புட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினால், மிச்சமிருக்கும் கொள்திறனை அளந்து சொல்வார்கள். கரிக்கு முன்னால் தூசி ஃபில்டர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் துளை வாயெல்லாம் புழுதி அடைத்துவிடும். பின்னாலும் ஒரு மெல்லிய ஃபில்டர் இருந்தால், மேசைமேல் கரித்தூள் விழாது.

குழாய்ப்பணி

ஃபில்டரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இருபது ஆண்டுகளாக ஏஎச்யூ அறைகளைச் சுத்தம் செய்தும் பழுது பார்த்தும் வருகிறவன் என்ற முறையில், அந்த அறைக்குள் நீங்கள் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் அமைப்பில் அந்த அறையே திரும்பும் காற்றின் பாதை. ஆகவே ப்ளோயர் ஓடும்போது அறைக்குள் எப்போதும் ஓர் உறிஞ்சல் இருக்கும். தரையில் ஒரு நாணி டிராப், அதாவது நீர் தேங்கி நிற்கும் வடிகால் கிண்ணம், இருக்கும். அது கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்திருக்கும். அதற்குள் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள கதவு. சனி, ஞாயிறு யாரும் தண்ணீர் ஊற்றாமல், முன்பே குறைவாக இருந்த நீர் ஆவியாகிவிட்டால், திங்கட்கிழமை ப்ளோயரைப் போட்டவுடன் அந்தத் துளை வழியாகச் சாக்கடைக் காற்று நேராக அறைக்கு வந்து, அங்கிருந்து ஃபில்டர், காயில், டக்ட் என்று எண்பது பேரின் மேசைக்கும் போகும்.

இன்னொன்று, காயிலுக்குக் கீழே இருக்கும் தட்டின் டிரெயின் குழாய். இதில் யூ டிராப் (நீர் தேங்கி நிற்கும் யூ வடிவ வளைவு) இருக்கிறதா, அதன் ஆழம் போதுமா என்று பாருங்கள். ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் இருந்து இழுக்கும் அமைப்பில், தட்டு இருக்கும் இடத்தில் 50 மில்லிமீட்டர் நீருக்குச் சமமான உறிஞ்சல் இருந்தால், தட்டின் வாயிலிருந்து டிராப்பின் வெளிவாய் 75 மில்லிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். டிராப்புக்குள் நிற்கும் நீர் அதில் பாதி உயரமாவது இருக்க வேண்டும். பல இடங்களில் அழகுக்காக ஒரு சின்ன வளைவை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அது ஒருமுறை வற்றிவிட்டால் லேசில் தானாக நிரம்பாது, ஏனென்றால் உள்ளே பாயும் காற்று, இறங்க வேண்டிய நீரைத் தட்டிலேயே தடுத்து நிறுத்திவிடும். குழாயின் வாயில் காதை வைத்தால் களகளவென்று சத்தம் கேட்கும். ப்ளோயரை நிறுத்தி, டிராப்பில் நீர் ஊற்றிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். அந்தக் குழாயைச் சாக்கடையோடு நேராக இணைக்கவும் கூடாது. இடைவெளி விட்டு, தரையில் சொட்டும்படி விட வேண்டும்.

சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். ப்ளோயர் ஓடும்போது நாணி டிராப்பின் ஜல்லடைமேல் பிடியுங்கள். புகை நேராக எழுந்தால் நல்லது. கீழிருந்து யாரோ ஊதுவதைப் போலப் புகை மேல்நோக்கிச் சிதறினால் டிராப் வற்றியிருக்கிறது.

காலை ஈரத்துணி நாற்றம் காயிலிலிருந்து வருவது. இரவில் குளிர் நின்றதும் தகடுகளுக்கு நடுவில் ஈரம் தங்கி, தூசியோடு சேர்ந்து பூசணம் பிடிக்கிறது. டார்ச் அடித்துக் காயிலின் பின்பக்கத்தைப் பாருங்கள்; முன்பக்கம் மட்டும் பளபளவென்று இருக்கும். காயிலைக் கெமிக்கல் வாஷ் செய்து, தட்டில் நீர் தேங்காதபடி சரிவைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப வந்தால் 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காயிலுக்கு எதிரே பொருத்தலாம். அது பூசணத்தை வளரவிடாது. ஆனால் சாக்கடை வாயுவை அது ஒன்றும் செய்யாது.

பராமரிப்புப் பொறுப்பாளர்

மூவருக்கும் என் நன்றி. நாளையே ஊதுபத்திச் சோதனையைச் செய்கிறேன். இதற்கிடையில், எங்கள் நிர்வாகத்தில் ஒருவர், இரவில் ஓசோன் இயந்திரத்தை ஓடவிட்டால் எல்லா வாடையும் போய்விடும் என்கிறார். இன்னொருவர் டக்டில் நறுமணத் தெளிப்பான் பொருத்தச் சொல்கிறார். இவற்றை ஏற்கலாமா?

காற்றோட்டம்

இரண்டையும் மறுத்துவிடுங்கள். ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு. அறைக் காற்றைத் தூய்மையாக்கும் கருவிகள் வெளிவிடும் ஓசோன் பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டக் கூடாது என்பது கலிஃபோர்னியாவில் சட்டம். அந்த அளவுக்குள் நின்றால் வாடையின்மேல் அதற்குச் சொல்லத்தக்க விளைவு இல்லை, வாடையை அழிக்கும் அளவுக்கு ஏற்றினால் மனிதர் இருக்க முடியாது. நறுமணத் தெளிப்பான்களில் எலுமிச்சை, பைன் மணங்களைத் தரும் டெர்பீன்கள் இருக்கும். அவை ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடும் மிக நுண்ணிய துகள்களும் உண்டாகின்றன. கருவுற்ற ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பராமரிப்புப் பொறுப்பாளர்

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஊதுபத்திப் புகை ஜல்லடைமேல் நில்லாமல் சிதறியது. ஜல்லடையைத் தூக்கிப் பார்த்தால், டிராப்பின் அடியில் காய்ந்து வெடித்த சேறுதான் இருந்தது. அதே அறையில் ஈர மாப்புகளையும் ஃபினாயில் வாளியையும் துப்புரவுப் பணியாளர்கள் வைத்திருந்தார்கள். வேறு இடம் இல்லாததால் வைத்ததாகச் சொன்னார்கள், அவர்களுக்குப் படிக்கட்டின் அடியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். டிராப்பில் நீர் ஊற்றி, சனிக்கிழமை மாலையில் ஒரு வாளி ஊற்றுவதைக் காவலரின் பணிப்பட்டியலில் சேர்த்தோம். கடந்த இரண்டு திங்கட்கிழமைகளிலும் சாக்கடை வாடை வரவில்லை.

காயிலின் பின்பக்கம் நண்பர் சொன்னபடியே கறுப்பாக இருந்தது. கழுவிய பிறகு காலை நாற்றமும் பெரும்பாலும் குறைந்துவிட்டது. எஃப்9-ஐ முகர்ந்து பார்த்தேன், அதில் பழைய எண்ணெய் வாடை அடித்தது. அதையும் பேட்டையும் கழற்றிவிட்டு மறுபடியும் எஃப்7 மாட்டியிருக்கிறோம். உணவறையிலிருந்து ஏஎச்யூவுக்குத் திரும்பும் வழியை அடைத்து, எக்ஸாஸ்டை மட்டும் ஓடவிட்டதில், மீன் வாடை இப்போது உணவறைக் கதவோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

வெளிக்காற்றுப் பெட்டிக்கு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டிருக்கிறேன். பெர்மாங்கனேட் உருண்டைகள் தீர்ந்துவிட்டதை நாங்களே அறிய முடியுமா?

தொட்டிக்கரி

முடியும். புதிய உருண்டை கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும்; வினை நடக்க நடக்கப் பழுப்பாகும். ஆனால் மேல்தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது முதல் சில வாரங்களிலேயே பழுத்துவிடும். காற்று நுழையும் பக்கத்திலிருந்து நாலைந்து, வெளியேறும் பக்கத்திலிருந்து நாலைந்து என்று எடுத்து, தாளில் வைத்துப் பாக்குவெட்டியால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் ஊதா தெரியும்வரை அதில் மருந்து இருக்கிறது. வெளியேறும் பக்கத்து உருண்டைகளிலும் நடு பழுக்கத் தொடங்கினால், அடுத்த சரக்குக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.